முகட்டில் தொங்கிய கால்சட்டை

அன்செல்மோ கிரோஸுக்குக் கடலில் போகத்தான் ஆசை. இளவயதில் தெற்கிலிருந்து வல்பராய்சோ துறைமுகத்துக்கு வந்தபோது ஒரு மீன்பிடிப் படகில் வேலையும் கிடைத்தது. முதல் நாளே குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தார். படகுக்காரன் அவரைக் கரையில் இறக்கிவிட்டு, இங்கேயே கப்பல் ஓட்டிக்கொள் என்று சொல்லிப் போனானாம். அன்செல்மோ அதை அப்படியே எடுத்துக்கொண்டார். பழைய கடலை வண்டி ஒன்றை வாங்கினார்.

எங்கள் ஊர்க் கடலை வண்டி கப்பல் மாதிரியே இருக்கும். முன்னால் கூர்மூக்கு, நடுவில் புகைபோக்கி, வயிற்றில் கரியடுப்பு, அதன்மேல் பாகில் கடலை புரளும் செப்புச் சட்டி. கல்யாணத்துக்குப் பிறகு மூக்கின் இரண்டு பக்கமும் வெள்ளைப் பெயின்டில் ‘இஸ்மேனியா’ என்று மனைவியின் பெயரை எழுதினார். தன்னை இந்த மனுஷன் தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டு போகிறான் என்று இஸ்மேனியா எல்லோரிடமும் புகார் சொல்வார். சொல்லும்போது முகத்தில் வருத்தம் இருக்காது.

எல் போல்தோ மேட்டில் நாங்கள் எல்லோரும் ஒரே காலத்தில் ஏறி இடம் பிடித்தவர்கள். அன்செல்மோவுக்கு வாய்த்தது சந்தின் கடைசி மனை. அதற்குப் பின்னால் ஓடைப்பள்ளம், பள்ளம் முழுக்கத் தைலமரம். முதலில் கம்பும் அட்டையும் வைத்துக் கட்டினார். பிறகு பலகை வந்தது, தகரம் வந்தது. மகன் பிறந்ததும் ஓர் அறை கூடியது. அவன் வடக்கே செம்புச் சுரங்கத்துக்குப் போனதும் அந்த அறையில் தையல் மெஷின் உட்கார்ந்தது. வீடு ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஆனால் விழவில்லை. சமையலறை ஜன்னல் பள்ளத்தைப் பார்த்திருக்கும். இஸ்மேனியா அங்கே உட்கார்ந்துதான் பீன்ஸ் உரிப்பார். உரித்தபடியே, பள்ளத்தில் யார் குப்பை கொட்டுகிறார்கள் என்று பார்த்துப் பெயர் சொல்லித் திட்டுவார்.

நெருப்பு அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் ஏறி வந்தது. கோடை, காற்று அதன் இஷ்டத்துக்கு அடித்துக்கொண்டிருந்த பிற்பகல். அன்செல்மோ கீழே கடற்கரையில் கப்பலோடு நின்றிருந்தார். மேட்டில் இஸ்மேனியா தனியாக இருந்தார். முதலில் ஜன்னலுக்கு வெளியே பறவைகள் கூட்டமாகப் போவதைப் பார்த்தார். பிறகு மற்றதைப் பார்த்தார். கேஸைத் திருகி மூடினார். கதவைப் பூட்டினார். மறுநாளைக்கு ஊறப்போட்டிருந்த பீன்ஸ் பானையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் இறங்கினார். ஏன் பானையை எடுத்தார் என்று அவருக்கே தெரியாது.

வீடுகள் எரிந்துபோனபின் எங்களைத் தங்கவைத்த பள்ளிக்கூடத்தில் முதலில் வெந்தது அந்தப் பீன்ஸ்தான். உப்பு குறைகிறது என்று யாரோ முனகினார்கள்.

“உப்பை வீட்டுல விட்டுட்டேன். போய் எடுத்துட்டு வரட்டுமா?” என்றார் இஸ்மேனியா.

அந்த நாட்களில் நாங்கள் சிரித்தது அப்போது மட்டும்தான்.

பிறகு அவர் லிமாச்சேயில் இருக்கும் தங்கை நெல்தாவின் வீட்டுக்குப் போனார். ஒரு வாரம் இருந்துவிட்டு வருவதாகப் பேச்சு. மழைக்காலம் வந்தது, போயிற்று, அவர் வரவில்லை. புகை வாடை பட்டால் நெஞ்சு அடைக்கிறது என்றார். அடுத்த வீட்டில் ரொட்டி கருகினால்கூட எழுந்து தெருவுக்கு வந்து நின்றுவிடுவாராம். அன்செல்மோ ஞாயிறுதோறும் ரயிலில் போய்ப் பார்த்தார். அவர் மேலெல்லாம் கரி வாடை. கொல்லைக் குழாயடியில் குளித்து, சகலையின் சட்டையைப் போட்டுக்கொண்ட பிறகுதான் வீட்டுக்குள் விடுவார்கள். அவர் கொண்டுபோகும் கடலைப் பொட்டலத்தை இஸ்மேனியா தொட மாட்டார். நெல்தா ஒருத்தியாகத் தின்று தீர்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எப்போது வருவாய் என்று அன்செல்மோ கேட்டுவிட்டார்.

“வீடு முடியட்டும், பாக்கலாம். ஆனா ஒண்ணு கிழவா. அந்த மனையில ஒரு தீக்குச்சி கிழிக்கக் கூடாது. கிழிச்சேன்னு தெரிஞ்சா, நான் இங்கயே இருந்துடுவேன்.”

“சரி கிழவி.”

அவ்வளவுதான் பேச்சு. அன்செல்மோ இதை எங்களில் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி தன்னிடம் வரத் தயங்குகிறாள் என்பதை எந்த மனுஷன் சந்தில் நின்று சொல்வான்? எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், அவர் மனையில் வேலை செய்பவர்களுக்கு டீத் தண்ணீர்கூட அடுத்த வீடான என் வீட்டிலிருந்து, மின்சாரக் கெட்டிலில் போனது என்பதுதான்.

சந்தில் வீடுகளை ஒவ்வொன்றாக எல்லோரும் சேர்ந்து கட்டினோம். சனிக்கிழமைதான் வேலை நாள். ருபிலார் மேஸ்திரி சொல்வதை நாங்கள் செய்வோம். அவருடைய வீடும் எரிந்திருந்தது. தன் வீட்டைக் கடைசியில் வைத்துக்கொண்டார். முதலில் தன்னுடையதைக் கட்டினால் மற்ற வீடுகளுக்கு யாரும் வர மாட்டோம், எங்களை அவருக்குத் தெரியும் என்றார்.

அன்செல்மோவின் முறை வந்தபோது அடித்தளக் கட்டைகள் நட்டு, தரைப்பலகை போட்டு, சுவர்களுக்குச் சட்டம் நிறுத்தினோம். பள்ளத்துப் பக்கச் சுவரில் ஜன்னல் வேண்டாம் என்றார் அன்செல்மோ. மேஸ்திரி பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மறுபடி காதில் வைத்தார். சமையலறை இருட்டடிக்கும் என்றார். அடிக்கட்டும் என்றார் அன்செல்மோ. பகலிலேயே லைட் போட வேண்டிவரும் என்றார் மேஸ்திரி. போட்டுக்கொள்கிறோம் என்றார் அன்செல்மோ. பள்ளத்துப் பக்கம் முழுவதும் பலகை அடித்து மூடினோம். இஸ்மேனியா அந்தப் பக்கத்தை இனிமேல் பார்க்கவே வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு. அதையும் அவர் சொல்லவில்லை. எனக்கு அது மட்டும் புரிந்தது.

கைமரங்கள் ஏறி முகடு கூடிய அன்று, வழக்கப்படி மேஸ்திரி உச்சியில் ஒரு கிளையையும் சிலி நாட்டுக் கொடியையும் கட்டிவிட்டு இறங்கினார். இறங்கிக் கையைக் கழுவிக்கொண்டார். நாங்களும் கழுவிக்கொண்டோம். கூரைச் சட்டம் ஏறிய நாளில் வீட்டுக்காரர் விருந்து போட வேண்டும். கரியடுப்பு மூட்டி, இறைச்சி சுட்டு, ஒயின் ஊற்ற வேண்டும். எரிந்துபோன மேட்டிலும் எல்லோரும் அதைச் செய்திருந்தார்கள். ஒன்றுமில்லாத யாஸ்னாகூடத் தன் மளிகைக் கடை எழும்பியபோது ஒரு தட்டு கோழிக்கால் சுட்டுக் கொடுத்தாள். விருந்து இல்லாத கூரை ஒழுகும் என்பார்கள். அதை யாரும் நம்புவதில்லை. சோதித்துப் பார்க்கவும் யாரும் தயாராக இல்லை.

அன்செல்மோ ஒரு பை நிறைய ரொட்டியும் மோர்ததெல்லா இறைச்சித் துண்டும் ஆரஞ்சு சோடாவும் கொண்டுவந்து பலகைமேல் வைத்தார்.

மேஸ்திரி ரொட்டியைப் பிரித்து உள்ளே பார்த்தார். மறுபடி மூடினார். பெரியவர்களைத் ‘தோன்’ போட்டு மரியாதையாகத்தான் அவர் கூப்பிடுவார்.

“தோன் அன்செல்மோ, நான் போன சாவு வீட்டுல எல்லாம் இதைவிட நல்லா போட்டிருக்காங்க.”

“வெண்ணெய் தடவியிருக்கு” என்றார் அன்செல்மோ.

“செத்தவனுக்கும் தடவியிருந்தாங்க.”

அன்செல்மோ சிரித்தார். நாங்களும் சிரித்துக்கொண்டே தின்றோம். ஆனால் போகும்போது யாரும் முகட்டைப் பார்க்கவில்லை. தினமும் பொழுதுக்கும் நெருப்போடு நிற்கிற மனுஷன் தன் வீட்டில் ஒரு கைப்பிடிக் கரி மூட்ட மாட்டேன் என்கிறாரே என்று படிக்கட்டில் பேசிக்கொண்டோம். கடலை விற்றுக் கடலை விற்றுக் கை இறுகிவிட்டது என்றாள் யாஸ்னா. அது நியாயமில்லை. சந்துப் பிள்ளைகள் யாரும் அவரிடம் காசு கொடுத்துக் கடலை வாங்கியதில்லை. ஆனாலும் தலையாட்டினோம்.

அடுத்த சனிக்கிழமை காலை தகர ஷீட் ஏற்ற வந்தபோது முகட்டிலிருந்து ஒரு ஆள் தொங்கிக்கொண்டிருந்தான்.

விருந்து போடாத வீட்டில் பொம்மை தொங்கவிடுவதும் வழக்கம்தான். வேலைக்காரர்களின் உரிமை. ஆனால் மேஸ்திரி இதில் மெனக்கெட்டிருந்தார். அன்செல்மோ வேலைக்குப் போட்டுவந்து சாரத்தில் மாட்டிவைத்திருந்த கால்சட்டைக்குள் மரச்சீவலைத் திணித்திருந்தார். சாக்கில் உடம்பு. தலையில் கடலைக்காரர்கள் போடும் வெள்ளைத் தொப்பி. இறுக மூடிய கையுறையில் ஒரே ஒரு கடலை. காலடியில் மாட்டெலும்பு ஒன்று கயிற்றில் ஆடியது. கழுத்தில் அட்டை: ‘இங்கே வசிப்பவர் தனியாகச் சாப்பிடுவார்.’

அன்செல்மோ கீழே நின்று நெடுநேரம் பார்த்தார். கால்சட்டை தனக்கு இவ்வளவு பொருத்தமாக இருந்ததில்லை என்றார். அவிழ்க்கச் சொல்லவில்லை. தகர ஷீட்டின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

யாஸ்னா கடையிலிருந்து வந்து பொம்மையைப் படம் எடுத்தாள். எடுத்து, சந்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அந்தக் குழுவில் இஸ்மேனியாவும் இருந்தார். அது தனக்கு ஞாபகமே இல்லை என்று யாஸ்னா இன்றுவரை சொல்கிறாள். நாங்கள் இன்றுவரை நம்பவில்லை.

மதியத்துக்குமேல் ஷேர் டாக்ஸி ஒன்று சந்து முனையில் நின்றது. முதலில் ஒரு கூடை தக்காளி இறங்கியது. பிறகு ஒரு பெரிய பை. பிறகு நெல்தா. கடைசியாக இஸ்மேனியா. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டிருந்தார். நெருப்புக்குப் பிறகு அவர் மேட்டில் கால் வைத்தது அப்போதுதான். கருகிய தைலமரங்களை அவர் பார்க்கவில்லை. எங்கள் புது வீடுகளையும் பார்க்கவில்லை. நிமிர்ந்த தலையோடு முகட்டை மட்டும் பார்த்துக்கொண்டு சந்தின் கடைசி வரை நடந்தார்.

“என் வீட்டு முகட்டுல என் புருஷனைத் தொங்கவிட்டது எவன்?”

மேஸ்திரி ஏணியில் இருந்தார். மேலே போவதா கீழே வருவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

“அது தோன் அன்செல்மோ இல்ல, சென்யோரா இஸ்மேனியா. அது அவரோட கஞ்சத்தனம்.”

“இவனா கஞ்சன்? இந்த மனையில தீக்குச்சி கிழிக்காதேன்னு சொன்னது நான். கிழிச்சா வர மாட்டேன்னு சொன்னேன். தொங்கவிடணும்னா என்னைத் தொங்கவிடு. என் அளவுக்கு உங்கிட்ட மரச்சீவல் இருக்கா?”

ஆணி ஒன்று எங்கோ கூரையிலிருந்து உருண்டு விழுந்தது. அன்செல்மோ அவருடைய பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை.

“நீயும்தான் கிழவா. வாயில கடலையா வெச்சிருந்தே? சொல்றதுக்கென்ன?”

“நீ வர மாட்டேன்னு எப்படிச் சொல்றது?” என்றார் அன்செல்மோ.

இஸ்மேனியா பையைத் திறந்தார். லிமாச்சே கசாப்புக்கடையின் பன்றி சாசேஜ், மாலை மாலையாக. நெல்தா ஒயின் பாட்டில்களைப் பலகைமேல் நிறுத்தினாள்.

“போடுங்க விருந்து” என்றார் இஸ்மேனியா.

ஆண்கள் இரண்டு பேர் கல் அடுக்கி அடுப்புக் கூட்டக் குனிந்தார்கள். வேண்டாம், தரையில் வேண்டாம் என்றார் அன்செல்மோ. மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“கப்பலைக் கொண்டு வரலாம். அதுல நெருப்புக்கு மூடி இருக்கு.”

இஸ்மேனியா யோசித்தார். “சரி” என்றார்.

கப்பல் மேட்டின் அடிவாரத்தில், ஒரு ஷெட்டில் நிற்கும். அது ஒருநாளும் மேலே வந்ததில்லை. அந்த ஏற்றத்தில் வெறுங்கையோடு வருகிறவனே மூச்சு வாங்கித்தான் வருவான். மூக்கில் கயிறு கட்டி மேஸ்திரியும் இன்னும் சிலரும் இழுத்தார்கள். நானும் அன்செல்மோவும் பின்னால் தள்ளினோம். ஒவ்வொரு வளைவிலும் சக்கரத்துக்குக் கல் கொடுத்து நின்றோம். வீட்டு வாசல்களில் ஆட்கள் வந்து நின்று யோசனை சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவரும் தள்ள வரவில்லை. யாஸ்னா கடை வாசலில் சக்கரம் சாக்கடையில் இறங்கி, வண்டி சாய்ந்து, அடுப்பிலிருந்து பழைய சாம்பல் தெருவில் கொட்டியது.

“கப்பலுக்கு மலை ஒத்துக்கல போல” என்றாள் யாஸ்னா. “வாந்தி எடுக்குது.”

அன்செல்மோ வண்டியை விட்டுவிட்டுச் சிரித்தார். நாங்களும் விட்டுவிட்டோம். மேஸ்திரி மட்டும் கயிற்றைப் பிடித்திருந்ததால் கப்பல் கீழே போகவில்லை.

மனையில், பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்திச் சக்கரத்தில் கல் வைத்தோம். பக்கத்தில் தண்ணீர் வாளிகள் வைத்தோம், தேவைக்கு மேலேயே. அன்செல்மோ செப்புச் சட்டியைத் துடைத்தார். கரியைப் போட்டார். தீப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். எல்லோரும் இஸ்மேனியாவைப் பார்த்தோம். அவர் பலகைக் கட்டின்மேல் உட்கார்ந்து தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தார்.

“என் மூஞ்சியில என்ன எழுதியிருக்கு? வெங்காயம் யார் நறுக்கறது?” என்றார்.

அன்செல்மோ குச்சியைக் கிழித்தார்.

புகைபோக்கியிலிருந்து மெல்லிசாகப் புகை வந்து நேராக மேலே போனது. கொஞ்ச நேரம் அப்படியே போயிற்று. பிறகு காற்று திரும்பிப் புகையை இஸ்மேனியா பக்கம் கொண்டுபோயிற்று. நெல்தா பாதி எழுந்துவிட்டாள். இஸ்மேனியாவின் கத்தி தக்காளிமேல் நின்றது. அவர் கண்ணை மூடித் திறந்தார். இருமினார். பிறகு தக்காளித் தட்டைத் தூக்கிக்கொண்டு பலகைக் கட்டின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து நறுக்கினார்.

சாசேஜ் இனித்தது. எத்தனை துடைத்தாலும் அந்தச் சட்டியில் சர்க்கரை போகாது. முதல் துண்டைக் கடித்துவிட்டு மேஸ்திரி வாயைத் திறந்தபடி நின்றார். இனிமேல் யாராவது உப்பில் சுட்டால் தின்ன மாட்டேன் என்றார். அது பொய். தனக்கு இன்னும் இரண்டு துண்டு வேண்டும் என்பதற்காகச் சொன்னது. யாரோ ஒருவர் சாசேஜில் கடலை கண்டெடுத்தார். இன்னொருவர் தன்னுடையதில் இல்லை என்று சண்டைக்கு வந்தார்.

இஸ்மேனியா கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். பாதிக்கூரை ஏறியிருந்தது. மீதியில் வானம் தெரிந்தது. அன்செல்மோ பின்னாலேயே போய், இது படுக்கையறை, இது மெஷினுக்கு, இது சமையலறை என்று காட்டினார். இஸ்மேனியா சமையலறையில் நின்று பலகை அடித்த சுவரைப் பார்த்தார்.

“இங்க ஜன்னல் எங்க?”

“வைக்கல” என்றார் அன்செல்மோ. “உனக்காகத்தான். பள்ளத்தைப் பாக்க வேணாமேன்னு.”

“சுவர் அடிச்சுட்டா அது வராதா?”

அன்செல்மோ அடித்த பலகையைத் தடவிப் பார்த்தார்.

“அன்னைக்கு நான் உயிரோட இறங்கினது எப்படி? ஜன்னல்ல பாத்ததாலதான். பறவைங்க போச்சு, பாத்தேன். எது வந்தாலும் எனக்கு முதல்ல தெரியணும். குருடி மாதிரி இந்த வீட்டுல நான் உக்காந்திருக்க மாட்டேன்.”

வாசலில் சாசேஜோடு நின்ற மேஸ்திரியை அன்செல்மோ பார்த்தார். அந்தச் சுவரில் குறுக்குச் சட்டம் போகிறது, பிரித்தால் இரண்டு பக்கமும் தாங்கு கொடுக்க வேண்டும், அடுத்த சனிக்கிழமை பார்க்கலாம் என்றார் மேஸ்திரி.

“நான் இன்னைக்குத்தான் வந்திருக்கேன்” என்றார் இஸ்மேனியா.

மேஸ்திரி மீதி சாசேஜை வாய்க்குள் தள்ளிவிட்டுக் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். எந்த உயரத்தில் வேண்டும் என்று கேட்டார். இஸ்மேனியா ஆணி வாளி ஒன்றைக் காலால் இழுத்து, கவிழ்த்து, சுவர் ஓரமாகப் போட்டு உட்கார்ந்தார். முழங்கால்களைக் கொஞ்சம் விரித்து, மடியில் பாத்திரம் இருப்பதுபோல் கைகளை வைத்துக்கொண்டார். பீன்ஸ் உரிக்க உட்காரும் அதே விதம். மேஸ்திரி குனிந்து அவருடைய கண்ணுக்கு நேராகப் பலகையில் ஒரு கோடு போட்டார். ரம்பம் கேட்டார். நாங்கள் ஒயினைக் கீழே வைத்தோம்.

வெட்டிய பலகை வெளிப்பக்கமாக விழுந்ததும் வெளிச்சம் அவர் முகத்தில் அடித்தது. பள்ளத்தில் கருத்த மரங்களின் அடியிலிருந்து வெளிர்பச்சைத் தளிர் புதர் புதராகக் கிளம்பியிருந்தது. இஸ்மேனியா அதைப் பார்த்தார். கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

“அந்தப் பழைய மெத்தையை அங்க கொண்டுபோய்ப் போட்டது யாரு?” என்றார்.

யாஸ்னா தன் கிளாஸுக்குள் பார்த்தாள்.

போகும் முன் பொம்மையை இறக்கச் சொன்னார் இஸ்மேனியா. கால்சட்டை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, அதைக் கெடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்றார். மரச்சீவலை உதறினார். பாதி எங்கள் மேல் விழுந்தது. ஒரு பட்டனைக் காணோம் என்று கூரையடியில் எல்லோரையும் தேடவைத்தார். கிடைத்தது. அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, கால்சட்டையை மடித்துக் காலி தக்காளிக் கூடையில் வைத்து, சாயங்கால ரயிலுக்கு இறங்கினார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம் என்று அன்செல்மோவிடம் சொல்லிவிட்டுப் போனார். சாமான் கட்டுகிற வேலை இருக்கிறதாம்.

ஜன்னலுக்குக் கண்ணாடி வருவதற்குள் அவர் வந்துவிட்டார். கொஞ்ச நாள் அந்த இடத்தில் பிளாஸ்டிக் தாள் அடித்திருந்தோம். அதை ஓரத்தில் கிழித்துவிட்டு அதன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.